லாக் (நிரல் தன் ஓட்டத்தை எழுதிவைக்கும் குறிப்பு) எழுதி எழுதியே ரேம் தீர்ந்த கதை உங்களுக்கும் உண்டா?

முதுநகர்காரன்:
கடலூர் முதுநகர் ஐஸ் ஃபேக்டரி, உப்புத்தண்ணீர்த் தொட்டி, ஆறு வெப்பநிலை சென்சார், 1 ஜிபி ரேம் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, பைத்தானில் எழுதிய நிரல். மூன்றாம் நாள் விடியற்காலை, படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் நேரம். திரை மைனஸ் 8-லேயே நிற்கிறது, மவுஸ்கூட நகரவில்லை. ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்க மிஷினே ஐஸாயிடுச்சே!” என்றார். ஏற்றுக்கூலி ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

தேட வசதியாக இருக்கட்டும் என்று கெட்லாகருக்கு (லாக் எழுதும் லாகரைப் பெயர் சொல்லி வாங்கும் பைத்தான் கட்டளை) கொடுக்கும் பெயரில் நேரத்தையும் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு புதுப் பெயருக்கும் பைத்தான் ஒரு லாகரை உருவாக்கி, நிரல் முடியும்வரை ரேமில் விடாமல் வைத்துக்கொள்கிறது. நொடிக்கு ஆறு என்றால் நாளுக்கு 5,18,400 லாகர்.

உப்பளம்:
அதெல்லாம் பேஜ் கேஷாகத்தான் (கோப்புகளுக்காக லினக்ஸ் ரேமில் வைக்கும் தற்காலிக நகல்) இருக்கும். புதுச்சேரியில் நானும் இப்படித்தான் பயந்தேன். ரேம் கணக்கு காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையில் மிச்சம் ஒன்றுமே இல்லை. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தும் எண் அசையவில்லை, தினமும் சர்வரையே ரீபூட் செய்துகொண்டிருந்தேன். டீமில் இருந்த அக்கா, “கடைசி காலத்தைப் பாருடா” என்றார். யாருடைய கடைசி காலம் என்று திகைத்தேன். ‘ஃப்ரீ’ காட்டும் பட்டியலின் கடைசிப் பத்தி, ‘அவைலபிள்’ காலமாம்! எழுதிய லாக்கை லினக்ஸ் ரேமில் வைத்திருக்கும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். உங்கள் ராஸ்பெர்ரி பையிலும் அந்த ‘அவைலபிள்’ எண்ணைப் பார்த்தீர்களா?

மஞ்சக்குப்பம்:
எஸ்டி கார்டு தேயக்கூடாது என்று லாக்கை டெம்ப்எஃப்எஸ்ஸில் (ரேமிலேயே இயங்கும் கோப்பு இடம்) வைத்தேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி, கரண்ட் போனது. பார்க்க வேண்டிய லாக் அதோடு போயிற்று.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு அளவு குறிக்காவிட்டால் பாதி ரேம்வரை வளரும். லாக் கோப்பு பெருத்ததும் புதுக் கோப்புக்கு மாற்றும் பைத்தானின் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரில் மேக்ஸ்பைட்ஸ் (கோப்பின் அளவு வரம்பு) மட்டும் கொடுத்து பேக்கப்கவுண்ட்டை (வைத்திருக்க வேண்டிய பழைய கோப்புகளின் எண்ணிக்கை) பூஜ்யமாக விட்டால் ரொட்டேட்டே ஆகாது. வரிகளை க்யூவில் (வரிசையில்) காக்கவைத்து எழுதினால் அதற்கும் உச்சவரம்பு வையுங்கள். டிஸ்க் மந்தமானால் வரிகள் ரேமில்தான் குவியும். அப்புறம், ஓடும் நிரலின் லாக்கை ஆர்எம் கட்டளை போட்டு அழிக்காதீர்கள். அந்த நிரல் கோப்பை மூடும்வரை இடம் திரும்பாது.

முதுநகர்காரன்:
உப்பளம், நான் பார்த்தது ‘டாப்’ கட்டளையில் அந்த நிரலின் ‘ரெஸ்’ காலம், அதாவது நிரல் பிடித்திருக்கும் ரேம். எழுதிய லாக்கின் பேஜ் கேஷ் அதில் சேராது. லாகர் பெயரை ஒன்றாக்கினேன், நேரத்தை வரியில் சேர்க்கும் வேலையை ஃபார்மேட்டரிடம் (லாக் வரியை வடிவமைக்கும் பகுதி) விட்டேன், எண் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் ஓனர் விடவில்லை. துறைமுகத்துப் பக்கம் போனாலே, “என்ன தம்பி, இன்னிக்கு உருகிடுச்சா?” என்கிறார்.