ஆண்டர்சனுக்குக் குழி, மாரிசனுக்கு என்ன?

காரைக்குடியிலிருந்து:
அன்பர்களே, இரண்டாம் உலகப் போர் பற்றிய பள்ளிக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். குண்டுவீச்சுக்குத் தப்ப பிரிட்டன் அரசு வீடுகளுக்குக் கொடுத்த இரண்டு சாதனங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் சிக்கிக்கொண்டேன். ஆண்டர்சன் என்பது நெளிதகடுகளை வளைத்துப் பூட்டி, தோட்டத்தில் நான்கடி ஆழத்தில் இறக்கி, மேலே 15 அங்குலம் மண் போட்டு மூடுவது. ஆறு பேர் இருக்கலாம். ஆண்டுக்கு 250 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கு இலவசம். மாரிசன் 1941இல் வந்தது. வீட்டுக்குள் வைக்கும் இரும்பு மேசை, பக்கமெல்லாம் கம்பிவலை. கூரை இடிந்தாலும் தாங்கும், அடியில் படுத்துக்கொள்ளலாம். (மாரீசன் அல்ல. கம்பன் விழா ஊர்க்காரர்கள் பொறுத்தருள்க.)

தேவகோட்டையிலிருந்து:
‘பதுங்குக் குழி’ இருக்கிறதே, ஆச்சி.

கண்டனூரிலிருந்து:
அந்த ‘க்’ எங்கிருந்து வந்தது? வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அதுவும் போகட்டும், புலி பதுங்குவது பாய்வதற்கு. பிள்ளையை அணைத்துக்கொண்டு இறங்கும் தாய் யார்மேல் பாயப்போகிறாள்? ‘ஏமவறை’ என்போம். ‘இனமென்னும் ஏமப் புணை’ என்கிறாரே வள்ளுவர், பாதுகாப்பு என்ற பொருளில், அந்த ஏமம். இல்லையென்றால் சிலம்பின் ‘சுருங்கை’, நிலத்தடி வழி. தூய தமிழ்.

பள்ளத்தூரிலிருந்து:
தூய தமிழா? கிரேக்க ‘சூரிங்க்ஸ்’தான் சுருங்கை ஆயிற்று என்பாரும் உண்டு, அண்ணே. மேலும் சிலம்பில் அது யானைக் கூட்டம் போகும் வழி. அதிலா ஆறு பேரை உட்கார வைப்பது? ஏமவறையை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஏமாற்றும் அறை என்றுதான் படிப்பான். பதுங்கு குழி, ஈழத்தில் மக்கள் தம் முற்றத்தில் வெட்டி, உள்ளே உட்கார்ந்திருந்து சொன்ன சொல். அதற்கு நாம் பிழைதிருத்தம் செய்வதா?

தேவகோட்டையிலிருந்து:
‘க்’கைத் திரும்பப் பெறுகிறேன். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது எங்கள் ஐயா அங்கே ஒரு கடையில் பெட்டியடிப் பையன் (எடுபிடி). கடைசிவரை ‘டிரெஞ்சு’ என்றே சொன்னார். மழைக்காலத்தில் இடி இடித்தால், “எல்லாரும் டிரெஞ்சில் இறங்குங்கள்” என்று வளவில் நின்று கத்துவார்.

காரைக்குடியிலிருந்து:
ஐயாவுக்கு வணக்கம். ஆனால் மாரிசனில் குழியே இல்லையே! ‘காப்பு மேசை’?

பள்ளத்தூரிலிருந்து:
வளையல் கடை நினைவுக்கு வருகிறது. ‘பதுங்கு கூண்டு’ என்றால் குழிக்கும் ஜோடியாக இருக்கும்.

காரைக்குடியிலிருந்து:
இன்று வெள்ளிக்கிழமை. கூண்டுக்கு மூன்று பேர், மேசைக்கு நான் ஒருத்தி. மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. குழி, கூண்டு என்றே அனுப்பிவிட்டேன்.

கண்டனூரிலிருந்து:
கூண்டு கிளிக்கு. என் வாக்கு ஏமவறைக்கே. சுருங்கை கிரேக்கமா என்பது பற்றித் தனி மடல் வருகிறது, சற்று நீளமாக.