ஸ்பிளெண்டர் பைக் ஸ்பார்க் பிளக் ஒடிஞ்சு மரை இன்ஜின் ஹெட்டுக்குள்ளயே நின்னுருச்சு, யாராச்சும் வழி சொல்லுங்க

பாம்பன் வடகரை
அண்ணன்மாரே வணக்கம். அப்பாவோட ஸ்பிளெண்டர், 2011 மாடல். பின்னாடி ஐஸ்பெட்டி கட்டி விடியக்காலைல கரைக்கு போயி மீன் எடுத்து தங்கச்சிமடம் பக்கம் தெருத்தெருவா வித்துட்டு வர்ற வண்டி. ரெண்டு நாளா ஸ்டார்ட் ஆக அடம் புடிச்சுச்சு, சரி பிளக்க கழட்டி துடைப்போம்னு நேத்து பிளக் ஸ்பேனர போட்டா ஆடல அசையல. எனக்கு கோவம், ரெண்டடி பைப்ப சொருகி ஒரே இழுப்பு. டக்குனு சத்தம் வந்துச்சு, கழண்டுருச்சுன்னு சந்தோசமா எடுத்து பாத்தா ஆறுபட்டை தலையும் பீங்கானும் மட்டும் ஸ்பேனருக்குள்ள இருக்கு, மரை உள்ள துண்டு சிலிண்டருக்கு மேல மூடுற ஹெட்லயே நிக்குது. ஓட்டைய சுத்தி உப்பு பூத்த மாதிரி வெள்ளை பவுடரா இருக்கு. இங்க ஒருத்தர்ட்ட காட்டினேன், ஹெட்டையே மாத்தணும்ங்குறார். மீன்புடி தடைக்காலம் முடிஞ்சு இப்பத்தான் யாவாரமே சூடு புடிக்குது, அப்பா எங்கிட்ட பேசுறதே இல்ல. ஹெட்ட மாத்தாம எடுக்க வழி இருக்கா?

தொண்டி மெக்கானிக்
தம்பி ஹெட்டெல்லாம் மாத்த வேணாம். துரு விடுற ஆயில் ஸ்ப்ரே வாங்கி மரை ஓரத்துல அடிச்சு ராத்திரி பூரா ஊற விடு, காலைல இன்னொரு தடவ அடி. அப்பறம் ஈசி அவுட், அதான் ஒடிஞ்ச துண்டுக்குள்ள எறக்கி கவ்வித் திருப்புற டூல், அத போட்டு இடப்பக்கமா திருப்பு, வந்துரும். ஸ்ப்ரே கெடைக்கலைன்னா மண்ணெண்ணெய், ஆனா அது லேட்டாகும். நான் வாரத்துக்கு ஒண்ணு எடுக்குறேன், இதுக்கு போயி பதறிக்கிட்டு.

ராம்நாட் லேத்து
தொண்டி அண்ணே சொல்றது சரிதான் ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி தம்பி. ஒண்ணு, கையில வந்த பீங்கானோட கீழ் முனை முழுசா இருக்கா இல்ல மொட்டையா ஒடிஞ்சிருக்கா? ஒடிஞ்சிருந்தா மிச்சம் சிலிண்டருக்குள்ள கெடக்கும். அது டீ கிளாஸ் பீங்கான் இல்ல, அலுமினா, உப்புத்தாள்ல ஒட்டுற சாமான் அதுதான், ஒரு துண்டு உள்ள ஓடினா சிலிண்டர் உள்சுவர் முழுக்க கோடு விழுந்துரும். அதனால கிக்கர தொடவே தொடாத. ரெண்டாவது, ஒடிஞ்ச தலைக்கு கீழ வாஷர் இருக்கா?

அந்த வெள்ளை பவுடர் உப்பு இல்லப்பா, அலுமினியம் அரிச்சு வர்ற பூப்பு. ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு, நடுவுல உப்புத்தண்ணி ஈரம் நின்னா ரெண்டுக்கும் நடுவுல பேட்டரி மாதிரி வேலை நடக்கும், அதுல அரிபடுறது அலுமினியம்தான். பூப்பு ஊதி மரை இடுக்குல அடைச்சுக்கிட்டா பிளக் சிமெண்ட் வச்ச மாதிரி புடிச்சுக்கும். உங்க பக்கம் வடகடல் தென்கடல் ரெண்டு பக்கமும் காத்து, போதாததுக்கு ஐஸ்பெட்டி தண்ணி வேற ஒழுகும். மதுரைல ஓடுற அளவுக்கு பிளக் உங்களுக்கு ஓடாது.

பாம்பன் வடகரை
அண்ணே முனை கூரா முழுசா இருக்கு. வாஷர் இல்லண்ணே, தலைலயும் இல்ல ஹெட்லயும் ஒட்டல, தேடி பாத்துட்டேன்.

ராம்நாட் லேத்து
பாத்தியா. யாரோ வாஷர் இல்லாம போட்டு முறுக்கிருக்கான். வாஷர் இல்லன்னா பிளக் அந்த அளவுக்கு கூடுதலா உள்ள எறங்கி கடைசி மரை எரியிற எடத்துல வெளிய நீட்டிக்கும், அதுல கரி ஏறி கெட்டிப்படும். வெளிய வரணும்னா கரி புடிச்ச மரை சுத்தமான மரை வழியாத்தான் வரணும். மேல பூப்பு, கீழ கரி, நடுவுல நீ ரெண்டடி பைப்பு.

கீழக்கரை காக்கா
தம்பி நான் ஷார்ஜால கராஜ்ல இருந்தவன், ஈசி அவுட்ல கொஞ்சம் கவனம்ண்டு சொல்லத்தான் வந்தேன். முறுக்கு மாதிரி போற கூம்பு ஈசி அவுட் இருக்கே, அது இறங்க இறங்க துண்ட வெளிப்பக்கமா விரிக்கும். ஸ்பிளெண்டர் பிளக் மரை 10 எம்எம்தான், சுவரு மெல்லிசு, விரிஞ்சா ஹெட்ட இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கும். அதுவும் ஈசி அவுட் உள்ள ஒடிஞ்சுச்சுண்டா முடிஞ்சுச்சு கதை, அந்த இரும்புல ட்ரில் ஏறாது. நாலுபட்டையா நேரா இருக்குறது வாங்கு, லேசா தட்டி இறக்கு. ஒரேயடியா திருப்பாதே, கால் சுத்து இங்கிட்டு, கொஞ்சம் ஆயில், திரும்ப அங்கிட்டு, அப்படியே ஆட்டி ஆட்டி எடுக்கணும். சூடா இருக்குற இன்ஜின்ல வேணாம், அலுமினிய மரை உரிஞ்சு வந்துரும்.

உடையிறது பைக்குல மட்டும்ண்டு நெனைக்காதீங்க. 2004லேந்து 2008 வரைக்கும் வந்த 5.4 லிட்டர் மூணு வால்வு ஃபோர்டு இன்ஜின்ல பிளக்கு ரெண்டு பீஸா செஞ்சிருப்பாங்க, கீழ்ப்பாதி கரில ஒட்டி உள்ளயே நின்னுரும், அத எடுக்குறதுக்குண்டே தனியா டூல் விக்கிது.

தொண்டி மெக்கானிக்
காக்கா நான் கூம்பு ஈசி அவுட்லயே எத்தனையோ எடுத்துருக்கேன், எல்லாம் கை பக்குவம்.

ராம்நாட் லேத்து
உங்க கை பக்குவம் அண்ணே, தம்பி கை ரெண்டடி பைப்பு போட்ட கை. என்ன கேட்டா ஹெட்ட எறக்கி லேத்துக்கு கொண்டு வர்றதுதான் நல்லது. ஸ்பிளெண்டர் ஹெட்டுதான, அவுக்குறதுக்கு பழகின ஆளுக்கு பெரிய நேரம் ஆகாது, புது கேஸ்கட் மட்டும் வேணும். மேசைல வச்சா கீழ்ப்பக்கம் கரிய சுரண்டிட்டு துண்டு மேல ஒரு நட்ட வச்சு வெல்டிங் புடிக்கலாம், வெல்டிங் அலுமினியத்துல ஒட்டாது, சூட்டுல பூப்பும் விட்டுரும். வண்டில வச்சு வெல்டிங் பண்றேன்னு எவனாச்சும் சொன்னா பெட்ரோல் டேங்க கழட்டாம விடாத.

பாம்பன் வடகரை
அண்ணன்மாரே எடுத்தாச்சு!! ரெண்டு ராத்திரி ஊற வச்சு நாலுபட்டை ஈசி அவுட் போட்டேன், முடி அளவு அசைஞ்சு நின்னுருச்சு. பைப்பு எடுக்க கை போச்சு, காக்கா சொன்னது ஞாபகம் வந்து விட்டுட்டேன். ஹெட்ட எறக்கி பஸ்ல மடில வச்சு ராம்நாட் போயி ஒரு பட்டறைல குடுத்தேன். அவரு கீழ இருந்து கம்பி பிரஷ் போட்டாரு, நட்டு வச்சு பொட்டு வெல்டிங், ஆற விட்டு ஸ்பேனர் போட்டா வெண்ணெய் மாதிரி கழண்டு வருது! துண்ட கையில வாங்கி பாத்தேன், கடைசி ஒண்ணரை மரை கரிக்கட்டை, மேல ரெண்டு மரைல வெள்ளை, நடுவுல பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு. மரைல மரை வெட்டுற டேப்பு ஓட்டி சுத்தம் பண்ணி குடுத்தாரு, மரை போயிருந்தா உள்ள வைக்கிற கம்பிச்சுருள் மரை, ஹெலிகாயில், அது வேணாம்னுட்டாரு. புது பிளக் எப்புடி முறுக்குறது, அத மட்டும் சொல்லுங்க, பயமா இருக்கு.

ராம்நாட் லேத்து
வாஷர் இருக்கான்னு பாரு மொதல்ல. ஸ்பேனர் இல்லாம வெரலாலயே கடைசி வரைக்கும் ஏத்து, வெரல்ல ஏறலைன்னா மரை கோணலா புடிக்குதுன்னு அர்த்தம், திருப்பி எடுத்துரு. வாஷர் ஒக்காந்ததும் ஸ்பேனர்ல அரை சுத்து, அம்புட்டுதான். முறுக்குற அளவு காட்டுற டார்க் ஸ்பேனர் இருந்தா 10 எம்எம் மரைக்கு 10லேந்து 12 நியூட்டன் மீட்டர். கழட்டி அதே பிளக்க திரும்ப போட்டா வாஷர் ஏற்கனவே அமுங்கிருக்கும், அப்ப லேசா ஒரு தொடு போதும்.

கீழக்கரை காக்கா
மரைல கிரீஸ் தடவாதே, வழுக்குறதுல தெரியாம கூடுதலா முறுக்கிருவே. மூணு மாசத்துக்கு ஒருக்கா கழட்டி துடைச்சு மாட்டு, ஐஸ்பெட்டி ஒழுகுற குழாய இன்ஜினுக்கு அந்தப் பக்கம் திருப்பி விடு. வாப்பா பேசினாரா?

பாம்பன் வடகரை
வண்டி ஸ்டார்ட் ஆனதும் கேட்ட முதல் வார்த்தை, அந்த பைப்பு எங்கடான்னு. வாங்கி வீட்டு கூரை மேல எறிஞ்சுட்டாரு காக்கா.