ஒன்பதாம் வகுப்பில் ஆனர்ஸா, சாதாரண வகுப்பா?

கொன்றைப்பூ:
வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் வசிக்கிறோம். மகள் வரும் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறாள். பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஆங்கிலம், உயிரியல், வடிவியல் ஆகிய மூன்றிலும் கூடுதல் கடினமான 'ஆனர்ஸ்' வகுப்பும் உண்டு, சாதாரண வகுப்பும் உண்டு. மகள் மூன்று ஆனர்ஸ் கட்டங்களையும் பென்சிலால் நிரப்பிவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் அழித்து, மறுபடி நிரப்பி, மறுபடியும் அழித்திருக்கிறாள். அந்த இடத்தில் தாள் நைந்தே போய்விட்டது. கணக்கில் அவள் கெட்டி. ஆனால் ஒரு பக்கக் கட்டுரைக்கு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவைப்படுகிறது. அவளுடைய எட்டாம் வகுப்பு ஆசிரியை ஆங்கிலத்துக்குச் சாதாரண வகுப்பைப் பரிந்துரைத்திருக்கிறார். பெற்றோர் விரும்பினால் அதை மீறிக் கையெழுத்திடலாம். மீற வேண்டும் என்கிறார் என் கணவர். எனக்குத் துணிவு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மூன்றையும் ஆனர்ஸாகவே எடுக்கச் சொல்லுங்கள், சகோதரி. நாங்கள் டாலஸுக்கு அருகில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகளை இந்தப் பாதையில் அனுப்பிய அனுபவத்தில் எழுதுகிறேன். டெக்சஸில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு இன்னும் குறுகியது. 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு அது ஐந்து விழுக்காடு. எங்கள் பள்ளி மாவட்டத்தில் தரவரிசைக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது; ஆனர்ஸ் வகுப்புக்குக் கூடுதல் புள்ளி உண்டு. முதல் ஆண்டில் சாதாரண வகுப்பில் அமர்ந்த பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினாலும், அந்தப் புள்ளியைப் பிற்பாடு எட்டிப் பிடிப்பது மிகவும் கடினம். அதோடு, கல்லூரி விண்ணப்பத்துடன் கவுன்சலர் (பள்ளியின் ஆலோசகர்) அனுப்பும் அறிக்கையில், அந்தப் பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தார் என்ற கேள்வி இருக்கிறது. ஆகவே படிவத்தில் நிரப்பும் ஒவ்வொரு கட்டமும் நான்கு ஆண்டுகள் கூடவே வரும்.

கரும்பலகை:
கலிபோர்னியா அரசுப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்தவள் நான். நண்பர் சொன்னது டெக்சஸுக்குப் பொருந்தும். இந்தத் தாய் இருக்கும் மாநிலத்துக்கு அப்படியே பொருந்தாது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்காகக் கணக்கிடும் ஜி.பி.ஏ.வில், அதாவது சராசரி மதிப்பெண் புள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்கள் சேர்வதில்லை. பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளின் மதிப்பெண்களே சேர்கின்றன. ஒன்பதாம் வகுப்பு ஆனர்ஸுக்கு அங்கே கூடுதல் புள்ளியும் இல்லை. அந்தப் பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேல் பெற்றிருக்க வேண்டும், விண்ணப்பத்தில் அவற்றைக் காட்டவும் வேண்டும் என்பது உண்மைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்களுக்கு, அவற்றை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பின் பாடத்திட்டமும் மே மாதப் பொதுத் தேர்வும் இருக்கின்றன. ஆனர்ஸ் என்ற பெயருக்கு நாடு முழுவதற்குமான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு பள்ளியில் அது ஆழமான வாசிப்பாக இருக்கும். அடுத்த பள்ளியில் அதே பாடத்துக்கு இரு மடங்கு வீட்டுப்பாடமாக மட்டும் இருக்கும். பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அந்த வகுப்பின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் திருத்திய ஒரு கட்டுரையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அக்டோபரில் ஆனர்ஸிலிருந்து இறங்கிய பல பிள்ளைகளை நான் என் வகுப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பாடத்தை மாற்றினால் கால அட்டவணையே மாறிவிடும். மதிய உணவு வேளை மாறும், தோழிகள் மாறுவார்கள், தான் தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் வந்து உட்காரும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் இதைப் புள்ளிக் கணக்காகப் பேச மாட்டார்கள்.

வைகைக்கரை:
கலிபோர்னியாவின் கணக்கை விளக்கியதற்கு நன்றி, அம்மா, அதை ஏற்கிறேன். ஆனால் ஆசிரியையின் பரிந்துரையை வேதவாக்காக எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மூத்த மகனையும் ஆங்கிலத்துக்குச் சாதாரண வகுப்பில்தான் போடச் சொன்னார்கள். காரணம் கேட்டபோது, வகுப்பில் அவன் வாயே திறப்பதில்லை என்றார்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் மௌனத்தைத் திறமைக் குறைவு என்று படித்துவிட்டார்கள். நாங்கள் மீறிக் கையெழுத்திட்டோம். முதல் இரண்டு மாதம் தடுமாறினான். அதன் பிறகு அந்த வகுப்பில்தான் பேசவே தொடங்கினான். நாங்கள் பணிந்து போயிருந்தால், தன்னால் இவ்வளவுதான் முடியும் என்று அவனே நம்பியிருப்பான்.

இளவேனில்:
நான் பெற்றோர் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் இதே படிவத்தை நிரப்பியவள். எல்லாவற்றிலும் ஆனர்ஸ் எடுத்தேன். உயிரியல் ஆனர்ஸுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் வைத்து, பார்த்ததை வரைந்து, ஏன் அப்படித் தெரிகிறது என்று எங்களையே எழுதவைத்தார்கள். ஆங்கில ஆனர்ஸில் நடந்தது வேறு. வாரத்துக்கு நூறு பக்கம் படிக்க வேண்டியிருந்ததால், புத்தகத்தைத் திறக்காமலேயே இணையச் சுருக்கங்களைப் படித்துக் கட்டுரை எழுதப் பழகினேன். 'ஏ' கிடைத்தது. ஆனால் எட்டாம் வகுப்பு வரை போர்வைக்குள் விளக்கு வைத்துக் கதை படித்துக்கொண்டிருந்த நான், அதன் பிறகு பல ஆண்டுகள் ஒரு நாவலைக்கூட விருப்பத்தோடு தொடவில்லை. பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நான் ஆறு மணி நேரம் தூங்கினாலே பெரிது.

கரும்பலகை:
மௌனத்தைத் திறமைக் குறைவாகப் படிப்பது எங்கள் தொழிலில் உண்மையாகவே நடக்கிறது. வைகைக்கரையாரின் கோபம் நியாயமானது. அதனால்தான் ஆசிரியையையும் கணவரையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்கிறேன்: அந்தக் கட்டத்தை ஏன் நிரப்பினாய், ஏன் அழித்தாய்?

கொன்றைப்பூ:
கேட்டேன். தோழிகள் எல்லோரும் ஆங்கில ஆனர்ஸ் எடுப்பதால் நிரப்பினாளாம். பள்ளி இணையதளத்தில் பாடத்திட்டத்தைப் படித்ததும் அழித்தாளாம்: கோடை விடுமுறையில் இரண்டு நாவல்களைப் படித்து, முதல் வாரமே நான்கு பக்கக் கட்டுரை கொண்டுவர வேண்டும். "கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கத்தான் வகுப்பு என்று நினைத்தேன், அம்மா, இவர்கள் எழுதத் தெரிந்தவர்களை அல்லவா கேட்கிறார்கள்" என்றாள். சாதாரண வகுப்பின் பாடத்திட்டத்தில், ஒரு பத்தியிலிருந்து தொடங்கி முழுக் கட்டுரை வரை படிப்படியாக எழுதிப் பழகும் பயிற்சி முதல் பருவம் முழுவதும் இருக்கிறது.

ஆகவே வடிவியலுக்கும் உயிரியலுக்கும் ஆனர்ஸ், ஆங்கிலத்துக்குச் சாதாரண வகுப்பு என்று எழுதியிருக்கிறோம். கணவருக்கு முழுச் சம்மதம் இல்லை. சாதாரண வகுப்பில் நன்றாகச் செய்தால் பத்தாம் வகுப்பில் ஆங்கில ஆனர்ஸுக்கு மாற முடியுமா, அதற்கு என்ன மதிப்பெண் வேண்டும் என்பதைப் பள்ளியிடமிருந்து எழுத்தில் வாங்கினால்தான் கையெழுத்திடுவேன் என்கிறார். வைகைக்கரையார் சொன்னதைப் படித்த பிறகு அவர் கேட்பதும் சரியென்றே படுகிறது. கவுன்சலருக்கு இப்போதுதான் மின்னஞ்சல் அனுப்பினேன்; படிவம் இன்னும் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது.