நொண்டுற குட்டிக்குக் கல்சியச் சிரப் குடுக்கலாமோ?

கோண்டாவில்: 4 மாத ஜேர்மன் செப்பேட் குட்டி, 15 கிலோ. ஒரு கிழமையா முன்னங்காலை ஊண்டாமல் நொண்டுது. சாப்பாடு சோறும் அவிச்ச கோழியும். கல்சியச் சிரப் வாங்கட்டோ?

பனையடி: வாங்குங்கோ. சாப்பாட்டுப் பிழைதான். 500 கிராம் சோறு, 300 கிராம் எலும்பில்லாத கோழி எண்டால் கல்சியம் 0.1 கிராமும் வராது, பொசுபரசு 0.8 கிராம் வரும். அந்த நிறைக்கு நாளுக்கு 3 தொடக்கம் 4 கிராம் கல்சியம் வேணும். காணாட்டி உடம்பு எலும்பிலயிருந்து உருவும். கட்டிலால குதிச்சாலே மெலிஞ்ச எலும்பு மடிஞ்சு முறியும். இரத்தச் சோதனையில கல்சியம் பெரும்பாலும் சரியாத்தான் காட்டும், அதை நம்பாதேங்கோ.

வல்லைவெளி: அண்ணை, கணக்குச் சரி, மருந்து பிழை. ஆறு மாதத்துக்குள்ள குட்டியின்ர குடலுக்குக் கூடுதலா வாற கல்சியத்தை மறிக்கத் தெரியாது. அளவில்லாமல் ஊத்தினால் பெரிய சாதிக் குட்டியளில குருத்தெலும்பு எலும்பா மாறாமல் நிண்டு, முன்னங்கால் வளையும். நெதர்லாந்தில உட்ரெக்ட்டில 1980களில கிரேட் டேன் குட்டியளை வைச்சுச் செய்த ஆய்வுகளில இதைக் கண்டவை. சிரப்பில விற்றமின் டியும் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம்.

பனையடி: சரி, சிரப்பை விடுவம். ஒரு முட்டைக்கோதில 2 கிராம் கல்சியம் இருக்கு. ரெண்டு கோதை அரைச்சுப் போட்டால் அலுவல் முடிஞ்சுது.

வல்லைவெளி: முடியாது. கோதில பொசுபரசு இல்லையெண்டே சொல்லலாம். கல்சியம் 4க்குப் பொசுபரசு 0.8 எண்டால் 5க்கு 1. இருக்கவேண்டியது 1.2க்கு 1 அளவில. குட்டிக்குப் பொசுபரசும் 3 கிராமுக்குக் கிட்ட வேணும். உங்கட சாப்பாட்டுக் கணக்குக்கு 18 வீதம் பொசுபரசு உள்ள டைகல்சியம் பொசுபேற்று (கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த தூள்) 11-12 கிராமும் கோதுத்தூள் 2 கிராமும் போட்டால் ரெண்டும் சரிவரும். கரண்டியால அள்ளாதேங்கோ, சின்ன டிஜிட்டல் தராசில நிறுங்கோ. மிருக வைத்தியரிட்டக் காட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. குட்டியளுக்கெண்டு வாற கம்பனிச் சாப்பாடு போடுறவை இதில ஒண்டும் சேர்க்கக்கூடாது.

பனையடி: எங்கட வெயிலில விட்டால் விற்றமின் டி வரும்தானே?

கொடிகாமம்: வராது. நாயின்ர தோல் தேவையான அளவுக்கு அதைச் செய்யாது. மீன், முட்டை மஞ்சள் மாதிரிச் சாப்பாட்டிலயிருந்துதான் கிடைக்கவேணும். அதை விடுங்கோ, ரெண்டு பேரும் இன்னும் காலைப் பாக்கேல்லை. கருக்குக் கீறினதோ, பாதத்தில நெருஞ்சி முள்ளோ? காதுமடலையும் விரலிடுக்கையும் விரிச்சு உண்ணி பாருங்கோ. 39.2 பாகைக்கு மேல காய்ச்சலும், கால் மாறி மாறி நொண்டுறதும் எண்டால் உண்ணிக் காய்ச்சலையும் யோசிக்கவேணும். முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேல வீங்கிச் சுட்டால் அது வேற எலும்பு நோய். கம்பனிச் சாப்பாட்டில வளர்ந்த 5 மாதத்துக்கு மேற்பட்ட செப்பேட்டும் இன்னொரு எலும்பு நோயால கால் மாறி நொண்டும், நீள எலும்பின்ர நடுவை அமத்தினால் கத்தும். அதுக்குக் கல்சியம் ஒண்டும் செய்யாது. ரெண்டு முன்னங்காலையும் எக்ஸ்ரே எடுங்கோ. அதுவரை ஓடவிடாதேங்கோ, பனடோலும் குடுக்காதேங்கோ.

பனையடி: எடுக்கட்டும். எக்ஸ்ரே என்ன சொன்னாலும் வெறும் சோறும் கோழியும் நிப்பாட்டத்தான் வேணும்.

வல்லைவெளி: அதில சண்டையில்லை அண்ணை. சிரப்பிலதான்.