தரங்கம்பாடி கிங்ஸ் ஸ்ட்ரீட்டில் கிறிஸ்துமஸ் சந்தை: பந்தல், கரண்ட், சரக்கு பற்றி விவரம் வேண்டும்

பொறையார் இளையவன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சபை இளைஞர்களும் பக்கத்து மகளிர் குழுக்களும் சேர்ந்து டிசம்பரில் கிங்ஸ் ஸ்ட்ரீட்டில் சந்தை போட நினைக்கிறோம். நகர வாயிலில் இருந்து கடற்கரைப் பக்கமாக 20 கடை. நட்சத்திரம், குடில் சாமான், கேக், பலகாரம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் 1434-லிருந்து நடக்கிற சந்தையைப் போல மரக்கடை வரிசையாகப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தேதி டிசம்பர் 18 முதல் 24 வரை. பேரூராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் மனு தயாராகிறது. பந்தல் எப்படிப் போடணும், எந்தச் சரக்கை எவ்வளவு எடுக்கணும்?

சவுக்குக்கால்:
மரக்கடை வேண்டாம் தம்பி. அது பனிக்கும் குளிருக்கும் ஏற்பட்டது. நமக்கு டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, கடல் சாரல் வேறு. சவுக்குக் கம்பும் தார்ப்பாயும் போதும். ஆனால் போடும் விதம் முக்கியம்.

தெரு கிழக்கு மேற்காக ஓடுது. கடையை வட ஓரத்தில், முகம் தெற்கே பார்க்கப் போடுங்க. காற்றும் சாரலும் முதுகில் விழும், சரக்கு நனையாது. கூரை முன்பக்கம் 8 அடி, பின்பக்கம் ஆறரை அடி. சரிவு இதைவிடக் குறைந்தால் தார்ப்பாய் நடுவில் தண்ணீர் தேங்கிக் கம்பை வளைத்துவிடும். பின் மறைப்பைக் கூரையோடு ஒட்டக் கட்டாதீங்க. மேலே ஓர் அடி இடைவெளி இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியின்றிப் பந்தலையே பாய்மரம் மாதிரி தூக்கும்.

தளம் போட்ட தெருவில் குழி தோண்ட விடமாட்டார்கள், தோண்டவும் கூடாது. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் நடுவே கம்பை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோ நிற்கும். கடைக்கு நாலு வாளி, பின்பக்கம் குறுக்குக் கம்பு கட்டாயம். புயல் எச்சரிக்கை வந்தால் கூரையை உடனே இறக்கணும், அதனால் கம்பி போட்டு முறுக்காமல் உருவு முடிச்சு போடுங்க.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். சீயோன் ஆலயம் 1701-இல் கட்டினது, புது எருசலேம் ஆலயம் 1718. அந்தத் தெருவில் உள்ள பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரை பூசினவை. ஆணி அடித்தால் ஆணி அளவுக்கு ஓட்டை விழாது, உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வரும். தாழ்வாரத் தூணில் கயிறும் கட்டாதீங்க. கூரைத் தண்ணீர் சுவரில் அடிக்காதபடி மூன்றடி தள்ளிப் போடுங்க. கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம், விளக்கும் அடுப்பும் இருக்கிற இடம்.

குடில்கடை அக்கா:
தேதி தப்பு தம்பி. நட்சத்திரம் டிசம்பர் முதல் தேதியிலேயே வீட்டு வாசலில் ஏறிடும். 18-ஆம் தேதி நட்சத்திரக் கடை திறந்தால் வாங்க ஆள் இருக்காது. முதல் வாரத்துச் சனி, ஞாயிறில் நட்சத்திரத்துக்கு மட்டும் ஆறு கடை திறங்க. குடில் சாமான் 12-க்கு மேல் சூடு பிடிக்கும். கேக், பலகாரம் கடைசி நாலு நாள்தான். மொத்தக் கடையும் மொத்த நாளும் திறந்து வைத்தால் வாடகையும் ஆள் கூலியும்தான் ஏறும்.

சொரூபம், அதாவது குடிலில் வைக்கிற பொம்மை, சுடுமண்ணில் எடுங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை கடற்காற்றில் ஈரம் இழுத்து அடித்தட்டு மாவாகும், பெயின்ட் பொரியும். மதுரை விளாச்சேரியில் குடில் செட் செய்கிறார்கள். கொலு வேலை முடிந்த கையோடு இதில் இறங்குவார்கள் என்பதால் நவராத்திரிக்கு முன்பே ஆர்டர் சொல்லிடணும். முழு செட் மட்டும் வாங்காதீங்க. ஆட்டுக்குட்டி, ஒட்டகம், குழந்தை இயேசு ஆகியவற்றை உதிரியாகவும் வையுங்க. பழைய செட்டில் காது, கால் போனதற்கு மாற்றுத் தேடித்தான் பாதிப்பேர் வருவாங்க. வரும்போது வீட்டில் இருக்கிற மரியாள் எத்தனை அங்குலம் என்று கேட்டு அந்த உயரத்துக்குக் கொடுங்க. 6 அங்குல சூசையப்பர் பக்கத்தில் 9 அங்குல ராஜா நின்றால் திருப்பிக் கொண்டுவந்துடுவாங்க.

வைக்கோல் விஷயத்தில் கவனம். குறுவை வைக்கோல் மழையில் நனைந்தது, கட்டி வைத்தால் நாலே நாளில் பூஞ்சணம் பிடிச்சு வாடை வரும். சம்பா அறுப்பு பொங்கலை ஒட்டித்தான். அதனால் போன வருஷத்து வைக்கோற்போரில் மேல் அடுக்கைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து உருவுங்க. குடிலுக்குப் பசும்புல் தட்டு நல்லாப் போகும். கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, தேங்காய் நார்க்கழிவு பரப்பின தட்டில் 10-ஆம் தேதி தூவினால் 20-க்கு விற்கிற பருவத்தில் இருக்கும். தண்ணீரைத் தெளிக்கணும், ஊற்றினால் வேர் அழுகிடும்.

பொறையார் இளையவன்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. தேதியை மாற்றிடுறோம். அச்சு முறுக்கு அங்கேயே சுட்டு விற்கலாமா? கரண்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து லைன் எடுக்கலாமா?

குடில்கடை அக்கா:
தாராளமா சுடுங்க, வாசனைக்கே ஆள் நிற்கும். பச்சரிசி மாவு 1 கிலோவுக்கு மைதா 250 கிராம், சர்க்கரை 300 கிராம், முட்டை 4, இரண்டு தேங்காயின் பால். சர்க்கரை கூடினால் நிறமும் சீக்கிரம் கறுக்கும், கடற்காற்றில் சீக்கிரம் நமுக்கும். அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, ஒரு உதறு உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்கணும். மேல் விளிம்பு மூழ்கினால் முறுக்கு அச்சைப் பூட்டிக்கொண்டு கழலாது. மாவு பிடிக்காமல் வழுக்கினால் அச்சு காயலை, இல்லாட்டி எண்ணெய் வடியலை. அரிசி மாவு அடியில் தங்கும், நாலு முறுக்குக்கு ஒரு தரம் கலக்குங்க. ஆறினதும் டப்பாவில் போட்டு மூடணும், தட்டில் அடுக்கி வைத்தால் நமுத்துடும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு ஒவ்வொரு உணவுக் கடைக்கும் வேணும். கேக்கில் முட்டை இருந்தால் பழுப்புக் குறி போடணும், பச்சைக் குறி இல்லை. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பூசின காகிதக் கப்புக்கும் தடை என்பதால் டீக்கு மண் குவளை சொல்லி வையுங்க.

லைன்மேன் துரை:
வீட்டு மீட்டரிலிருந்து எடுக்கக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்க.

ஒரு கடைக்கு எல்இடி பல்பும் சீரியல் விளக்கும் சேர்த்து 60 வாட் வைத்துக்கொண்டால் 20 கடைக்கு 1,200 வாட், அதாவது 5 ஆம்பியர் சொச்சம். டீக்கடைக்காரர் 1,500 வாட் கெட்டில் ஒன்றைச் சொருகினால் அதுவே ஆறரை ஆம்பியர். தெரு முழுக்க எரிகிற விளக்கைவிட அதிகம். சூடு பண்ணுகிற சாமானுக்குத் தனி லைன் கொடுங்க, அல்லது கேஸ் அடுப்பு.

ஐந்து கடைக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போடுங்க. உப்பு ஈரம் ஜாயின்ட்டில் ஏறினால் கசிவு வந்து அது டிரிப் ஆகும், ஆகணும். 20 கடைக்கும் ஒன்றே இருந்தால் ஒரு ஜாயின்ட் நனைந்ததற்குத் தெருவே இருண்டுபோகும். கூட்ட நேரத்தில் யாராவது அதை பைபாஸ் பண்ணுவாங்க. உயிர் போவது அங்கேதான். ஜாயின்ட்டைத் தரையில் போடாமல் 7 அடி உயரத்தில், பெட்டியின் வாய் கீழ்ப்பக்கம் பார்க்கக் கட்டுங்க.

காகித நட்சத்திரம்:
20 கடையிலும் அதே பிளாஸ்டிக் நட்சத்திரம் தொங்கினால் காரைக்காலிலேயே வாங்கிக்கலாம் என்று போய்விடுவார்கள். மொரேவியன் நட்சத்திரம் செய்து விற்கப் பாருங்க. 17 நாற்பட்டைக் கூம்பு, 8 முப்பட்டைக் கூம்பு, ஆக 25 முனை. நாற்பட்டைக் கூம்பு உட்காரச் சதுரம் 18 வரும்; 18-ஆவதில் கூம்பு இல்லை, அது பல்பு நுழைக்கவும் தொங்கவிடவும். ஒரு நட்சத்திரத்துக்கு மொத்தம் 92 முக்கோணம் வரும்: அடி 5 செ.மீ., பக்கம் 20 செ.மீ. எல்லாக் கூம்புக்கும் அடி அளவு ஒன்றாகவே இருக்கணும். 2 மி.மீ. பிசகினாலும் கடைசிக் கூம்பு பொருந்தாது. நம்ம ஊர் ஈரத்தில் பசை மட்டும் போதாது, மடிப்பில் ஸ்டேப்லரும் அடிங்க. உள்ளே 5 வாட் எல்இடி போதும், குண்டு பல்பு காகிதத்தைக் கருக்கிடும். இது வாசல் தாழ்வாரத்துக்குள் தொங்கவிடத்தான், மழையில் நிற்காது என்று சொல்லியே விற்கணும்.

விலை அட்டையில் "தரங்கம்பாடியில் பிறந்த நட்சத்திரம்" என்று மட்டும் எழுதிடாதீங்க. மொரேவியன் சகோதரர்கள் என்கிற கிறிஸ்தவ சபையார் 1760-இல் இங்கே வந்தார்கள், 1803-இல் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய பள்ளியில் இந்த நட்சத்திரம் உருவானது 19-ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியில். "இங்கே வாழ்ந்தவர்களின் சபை தந்த நட்சத்திரம்" என்று எழுதினால் சரியாக இருக்கும்.