உளுந்தில் மஞ்சள் தேமல்: ஜீனோம் ஆய்வால் ஆவதென்ன?

கரம்பை மண்:
சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்ன, ஈரச் சேத்துல ஆடுதுறை 3 ரக உளுந்து தெளிச்சோம். 30 நாள்ல கொழுந்துல மஞ்சள் புள்ளி. பூக்கறதுக்குள்ள வயலே மஞ்சக் குளிச்ச மாதிரி ஆயிடுச்சு. காயை உரிச்சா உள்ள ரெண்டு மணி. இந்தத் தேமல் நோயைப் பரப்புற வெள்ளை ஈயை ஒழிக்க வழி சொல்லாம, ஜீனோம், அதாவது செடியோட மொத்த ஜீன் தொகுப்பைப் படிக்கிறோம்னு பணத்தைக் கொட்டுறது எனக்கு ஒப்பலை.

பயறு மாணவி:
அண்ணே, ஈயை அடிச்சு மாளாது. நோய்ச் செடியில ஒரு தடவை உறிஞ்சின ஈ பல நாளைக்கு வைரஸைச் சுமக்கும். மருந்துல அது சாகறதுக்குள்ள அடுத்த செடிக்குக் கொடுத்துடும். செடியேதான் தாங்கணும். வம்பன் 8 அப்படித் தாங்குற ரகம்தானே?

கரம்பை மண்:
அதுக்கு ஜீனோமா வேணும்? நோய் வர்ற ரகத்தைப் பக்கத்து வரிசையில விட்டு, அப்பவும் பச்சையா நிக்கிற செடியைப் பொறுக்குறது காலங்காலமா நடக்குற வேலை.

பயறு மாணவி:
அங்கதான் முட்டுது. ஈ குறைஞ்ச வருஷம் தாங்காத செடியும் பச்சையாத்தான் நிக்கும். அந்த வருஷப் பொறுக்கலே வீண். நோய் கொட்டுன வருஷத்துலயும், பச்சையா நிக்கிற செடிக்குள்ள எதிர்ப்பு ஜீன் ஒண்ணு இருக்கா ரெண்டு இருக்கான்னு கண்ணால சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும்னா வைரஸ் கொஞ்சம் மாறினாலே தாண்டிடும். ரெண்டு மூணை அடுக்கி வச்சா தாண்டுறது கஷ்டம். அடுக்கியாச்சான்னு பார்க்க, நாத்துலயே இலை நுனியைக் கிள்ளி மார்க்கர் சோதனை பண்ணணும். மார்க்கர்னா அந்த ஜீன் இருக்குன்னு காட்டுற டி.என்.ஏ. அடையாளம். அந்த மார்க்கரைத் தேடத்தான் ஜீனோம். பாசிப்பயறு ஜீனோம் 2014-ல வந்தது. உளுந்து அதுக்கு நெருங்கின பங்காளி.

தெற்குச் சீமை:
துவரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த ஓர் எதிர்ப்பு ஜீனைக் கண்டுபிடித்துச் சோயாவில் வைத்தார்கள். துரு நோயைச் சோயா தாங்கியது. 2016-ல் வெளியான ஆய்வு. தேடியதால்தான் கிடைத்தது.

கரம்பை மண்:
நீங்களே சொல்லிட்டீங்க. துவரை பிறந்த மண்ணு நம்மளது. அந்தத் துரு நோயில அதிகமா அடிபடுறது பிரேசில் சோயா. தேடுனதோட பலன் துவரைக்காரனுக்கு என்ன வந்துச்சு?

பயறு மாணவி:
அந்தக் கேள்வி நியாயம், மறுக்கலை. அதனாலதான் உளுந்து வேலை இங்கயே நடக்கணும்கிறேன். உங்க வயல்ல ஒரு செடிகூடத் தப்பலையா?

கரம்பை மண்:
வரப்போரமா ஆறேழு செடி கடைசி வரைக்கும் பச்சையா நின்னுச்சு. நெத்தைத் தனியாப் பறிச்சு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். கொடுக்கிறேன். அதுலேர்ந்து ரகம் வந்தா, எந்த ஊரு விதைன்னு எழுதி வைப்பீங்களா? அதை முதல்ல சொல்லுங்க.