'புரொடெக்டரேட்' என்பதற்குக் 'காவலுறு நாடு' – ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சொந்த ஆட்சியாளர் இருந்தும் வெளியுறவு போன்ற அதிகாரங்கள் ஒரு வல்லரசின் கையில் இருக்கும் நாட்டை ஆங்கிலத்தில் புரொடெக்டரேட் (protectorate) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நீங்கள் இதுவரை முன்வைத்த சொற்களை எல்லாம் ஒருமுறை திரும்பப் படித்தேன்: பாதுகாப்பு நாடு, காப்பரசு, சார்பு நாடு, அப்புறம் 'புரொடெக்டரேட் என்றே எழுதிவிடலாம்' என்ற கருத்து. எனக்கு நான்கிலும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை முன்வைக்கிறேன்.

உலக வரலாற்றுக் கட்டுரைகள் சிலவற்றை இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். '1881இல் துனிசியா பிரான்சின் பாதுகாப்பு நாடானது' என்று எழுதி, கல்லூரியில் படிக்கும் தங்கை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "யார்கிட்டயிருந்து மாமா பாதுகாத்தாங்க?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அந்த ஆண்டு துனிசியாவுக்குள் படையோடு வந்த நாடே பிரான்ஸ்தான். எல்லைப்புறப் பழங்குடியினர் அல்ஜீரியாவுக்குள் புகுந்து தாக்கினார்கள் என்று காரணம் சொல்லி வந்தது. மே 12 அன்று துனிசிய ஆட்சியாளர் பர்தோ உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அரியணை அவரிடமே இருந்தது, வெளியுறவு பிரான்சின் கைக்குப் போனது. பாதுகாப்பு நாடு என்று எழுதினால் இதில் ஒன்றும் தெரியவில்லை. ஆண்ட நாடு தன் ஏற்பாட்டுக்குத் தானே சூட்டிய பெயரை நாமும் அப்படியே ஒப்பித்தது போல ஆகிவிடுகிறது.

அதற்காகக் 'காலனி' என்று எழுதிவிடவும் முடியாது. பக்கத்திலேயே இருக்கும் அல்ஜீரியாவைப் பாருங்கள். 1830இல் பிரான்ஸ் அதைப் பிடிக்கத் தொடங்கியது. 1848இல் அதன் வடபகுதியை மூன்று மாவட்டங்களாகப் பிரித்துத் தன் நாட்டின் அங்கம் என்றே அறிவித்தது. லட்சக்கணக்கான ஐரோப்பியர் அங்கே குடியேறினார்கள். 1956இல் துனிசியாவும் மொராக்கோவும் (1912 முதல் இதுவும் புரொடெக்டரேட்) ஒப்பந்தம் பேசி விடுதலை வாங்கின. அதே நேரத்தில் அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது, அது 1962இல்தான் முடிந்தது. மூன்றும் அடுத்தடுத்த நாடுகள், ஆண்டது ஒரே பிரான்ஸ். முடிவு ஏன் இத்தனை வேறுபட்டது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தச் சட்ட வேறுபாடு அவற்றில் பெரிய ஒன்று. சொல் பிரித்துக் காட்டாவிட்டால் படிப்பவருக்கு அது பிடிபடவே படாது.

'சார்பு நாடு' பொருளில் தவறில்லை, ஆனால் ரொம்ப அகலம். கப்பம் கட்டிய சிற்றரசு, பொருளாதாரத்தில் ஒட்டியிருக்கும் நாடு, எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். காப்பரசு என்றால் காக்கிற அரசா, காக்கப்படுகிற அரசா என்பதே குழப்பம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். எத்தியோப்பியாவில் இதே விஷயத்துக்காகப் போரே நடந்தது. 1889இல் அந்நாட்டு மன்னர் இரண்டாம் மெனலிக் இத்தாலியோடு உச்சாலி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அது அம்ஹாரியம், இத்தாலியம் இரண்டு மொழிகளிலும் எழுதப்பட்டது. சிக்கல் 17ஆம் பிரிவில். பிற நாடுகளோடு தொடர்புகொள்ள மன்னர் இத்தாலிய அரசைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது அம்ஹாரியப் பிரதி. பயன்படுத்திக்கொள்ள இசைகிறார் என்றது இத்தாலியப் பிரதி. அதை வைத்துக்கொண்டு, எத்தியோப்பியா எங்கள் புரொடெக்டரேட் என்று இத்தாலி ஐரோப்பாவுக்கு அறிவித்தது. நம் மொழியில் சொன்னால், ஒரு 'லாம்' விகுதி இருந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு. மெனலிக் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்தார். 1896 மார்ச் 1 அன்று அத்வாவில் இத்தாலியப் படை படுதோல்வி அடைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அடிஸ் அபாபாவில் கையெழுத்தான உடன்படிக்கை உச்சாலியை ரத்து செய்து, எத்தியோப்பியா முழுச் சுதந்திர நாடு என்று ஒப்புக்கொண்டது. இந்தச் சொல்லுக்கு இவ்வளவு நேரம் செலவழிப்பது எனக்கு வீண்வேலையாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

சரி, என் முன்மொழிவு: காவலுறு நாடு.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு நல்ல முகம் மட்டும்தான் உண்டு. 'காவல்' அப்படியில்லை. வயலுக்குக் காவல் போடுகிறோம். நீதிமன்றக் காவல், தடுப்புக் காவல், வீட்டுக்காவல் என்றும் சொல்கிறோம். காப்பதும் அடைத்து வைப்பதும் தமிழில் ஒரே சொல். இதற்குப் பழைய வரலாறும் இருக்கிறது. பாளையக்காரர்கள் ஊர்க்காவலுக்கு என்று தலக்காவல், தேசகாவல் வசூலித்தார்கள். காவல் என்பது செய்கிற வேலைக்கும் பெயர், வாங்குகிற பணத்துக்கும் பெயர். புரொடெக்டரேட் என்ற ஏற்பாட்டின் நடைமுறை இதற்கு வெகு அருகில் வருகிறது.

இது வெறும் வசைச்சொல் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. உண்மையிலேயே காவல் கேட்டுப் போனவர்களும் உண்டு. இன்றைய போட்ஸ்வானா 1885இல் பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் புரொடெக்டரேட் ஆனது. பத்து ஆண்டு கழித்து அதை தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளி சிசில் ரோட்ஸின் கம்பெனியிடம் ஒப்படைக்கும் பேச்சு எழுந்தது. மூன்றாம் காமா, செபெலே, பத்தோவென் என்ற மூன்று தலைவர்கள் கப்பலேறி பிரிட்டனுக்கே போய், ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசி ஆதரவு திரட்டினார்கள். கம்பெனியைவிட அரசின் காவலே மேல் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். ரயில்பாதைக்காக ஒரு பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்தாலும் நாடு கம்பெனிக்குப் போகவில்லை. அவர்கள் கேட்டது பாதுகாப்பு, துனிசியாவுக்கு வாய்த்தது சிறை. இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும். 'காவல்' தாங்கும்.

'உறு' ஏன் என்றால், காவல் நாடு என்று விட்டால் காவல் செய்கிற நாடு என்று படிக்க இடமிருக்கிறது. காவலன் என்றால் மன்னன் என்ற பழைய பொருள் வேறு குறுக்கே வரும். உறு சேர்த்தால் திசை தெளிவாகிவிடுகிறது. எதிர்த்தரப்பைக் காவல் வல்லரசு என்றும், ஒப்பந்தத்தைக் காவல் உடன்படிக்கை என்றும் சொல்லலாம். இங்கிலாந்தில் மன்னர் இல்லாமல் கிராம்வெல் ஆண்ட காலத்துக்கும் புரொடெக்டரேட் (1653–59) என்றே பெயர், ஆனால் அது வேறு சங்கதி, அதற்குக் காப்பாளர் ஆட்சி போதும்.

ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். 1920இல் பிரிட்டன் ஆண்ட கென்யாவின் உள்நாட்டுப் பகுதி காலனியாக மாற்றப்பட்டது. சான்சிபார் சுல்தானுக்கு உரிய கடற்கரைப் பகுதி மட்டும் புரொடெக்டரேட்டாகவே நீடித்தது. அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இரண்டு சொல்லும் உண்டு. 'கென்யா காலனியும் காவலுறு நாடும்' என்று எழுதினால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. 'கென்யா காலனியும் பாதுகாப்பு நாடும்' என்று எழுதினால் இரண்டு நாடுகள் கூட்டுச் சேர்ந்தது போலத் தொனிக்கிறது.

ஐ.நா. பொறுப்பில் இருந்த ஆட்சிப்பகுதிகளுக்கு அறங்காவல் புலம் என்று சிலர் எழுதுவதால் இரண்டும் கலந்துவிடும் என்ற அச்சம் எனக்கும் முதலில் இருந்தது. ஆனால் அறங்காவலில் மேலே கணக்குக் கேட்க ஓர் அவை இருந்தது. காவலுறு நாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே வேரிலிருந்து இரண்டு சொல் பிறந்து, 'அறம்' என்ற முன்னொட்டு அவற்றைப் பிரித்துக் காட்டுவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தன் காவலுறு நாடுகளின் மக்களைப் பிரிட்டன் தன் குடிகளாக ஏற்கவில்லை. 'பிரிட்டிஷ் புரொடெக்டட் பெர்சன்' என்று தனி வகையாக வைத்தது. 'பிரிட்டிஷ் காவலுற்றோர்' என்று எழுதிப் பார்த்தேன். ஒருமையில், அதுவும் கடவுச்சீட்டில் வருகிற சொல்லாக, 'காவலுற்றவர்' என்பது கைதானவர் போலக் கேட்கிறது. இதற்கு யாராவது நல்ல வழி சொல்லுங்கள்.